எட்டுப் பேருக்கு ஒரு மூச்சு

என் மனைவிக்கு ஆஸ்துமா கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் கதையை யாரிடம் ஆரம்பித்தாலும், "ஆஸ்துமாவா? எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு" என்று அவரவர் சித்தப்பாவை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆஸ்துமா இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். இல்லாததுதான் அவளுக்கு வந்த வினை.

தலையணைக் கம்பெனியில் பதினான்கு வருஷமாக இறகு நிரப்புகிறவள் அவள். நான் அதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். வாத்து இறகு மூட்டை மூட்டையாக வரும். கழுவி, உலர்த்தி, பெரிய இரும்புத் தொட்டியில் காற்றடித்துப் பிரிப்பார்கள். பிறகு இறகு அறையில், ஒரு மேசைக்கு எட்டுப் பெண்கள், உறையின் வாயைக் குழாயில் மாட்டிக்கொண்டு நிரப்புவார்கள். மற்றவர்கள் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். என் மனைவிக்குக் கையிலேயே எடை தெரியும். மேனேஜர் ஒரு தடவை நம்பாமல் அவள் நிரப்பியதில் பத்தை எடுத்துத் தராசில் வைத்தார். ஒன்பது சரியாக இருந்தது. பத்தாவது இடித்தது. "தராசுல கோளாறு சார்" என்றாள். பார்த்தால் நிஜமாகவே தராசில்தான் கோளாறு. அப்பேர்ப்பட்ட கை, அப்பேர்ப்பட்ட வாய்.

வேனில் அவளுக்கு 'அலாரம்' என்று பெயர். காலையில் ஏறி உட்கார்ந்ததும் வரிசையாக ஏழு தும்மல் போடுவாள். ஆறோடு நின்றுவிட்டால் பின் சீட்டிலிருந்து, "இன்னும் ஒண்ணு பாக்கிக்கா" என்று குரல் வரும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கண் சிவந்திருக்கும், மூக்கு ஒழுகும், கைக்குட்டை மதியத்துக்குள் நனைந்துவிடும். இறகு அறையில் வேலை செய்தால் தும்மல் வராமல் தூக்கமா வரும் என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். மூக்கோடு போகிற சமாசாரம் என்று நினைத்தோம்.

அந்த மேசைக்கு லீடர் ஒருத்தி. அவளை எல்லோரும் சங்கு என்பார்கள். குரல் அப்படி. இறகு அறையில் நின்று கூப்பிட்டால் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். என் மனைவிக்கு உடன்பிறவாத அக்கா அவள். எங்கள் மகளுக்கு டைபாய்டு வந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் எங்களோடு கிடந்தாள். நல்லதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிவிடும், அதனால் சொல்கிறேன். மற்றதையும் சொல்லத்தான் போகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் ஊதல் பரிசோதனை நடக்கும். வெளியிலிருந்து ஒரு நர்ஸ் மெஷினோடு வந்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அறையில் இரண்டு நாள் உட்காருவார். ஒவ்வொருவரும் மூச்சை நிறைய இழுத்து, குழாயில் வாயை வைத்து, இருக்கிற காற்றெல்லாம் தீரும்வரை ஊத வேண்டும். மூன்று தடவை. சரியாக ஊதாதவர்களை 'ரெஸ்ட்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி ரெஸ்ட்டுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, ஊதப் போக வேண்டுமானால் கோட்டைக் கழற்றி, தொப்பியை உதறி, கை கால் கழுவி, முற்றத்தைத் தாண்டிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு அரை மணி நேரம் போய்விடும். மேசையில் ஒருத்தி குறைந்தால் மற்ற ஏழு பேர் கையும் தடுமாறும்.

அதற்குத்தான் இவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சங்கு எட்டுப் பேரின் கம்பெனிக் கார்டையும் வாங்கி ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவாள். முதல் நாள் நாலு, மறுநாள் நாலு. மற்ற மேசைக்காரிகளுக்கு நடுவில் நடுவில் நுழைந்து எட்டுப் பேருக்கும் அவளே ஊதிவிட்டு வந்துவிடுவாள். கார்டில் போட்டோ கிடையாது. தலையில் தொப்பி, மூக்கில் கிளிப், வாயில் குழாய். அதற்குப் பிறகு முகத்தில் பார்க்க என்ன மிச்சம்? நர்ஸ் திரையைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். வருஷத்துக்கு ஒரு புது நர்ஸ் வேறு. அன்று சாயங்காலம் வேனில் ஒரே கும்மாளமாக இருக்கும். "எட்டுப் பேருக்கு ஒரே மூச்சுடி" என்று சங்கு மார்தட்டுவாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நானும் வயிறு குலுங்கச் சிரிப்பேன். ஆறு வருஷம் இப்படியே போனது.

போன வருஷம் மழை முடிந்த சமயம், எங்கள் வீட்டுப் படியில் அவள் நிற்க ஆரம்பித்தாள். வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வாள். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, மூச்சு கொஞ்சம் பின்னாடி வருது. வரட்டும்னு நிக்கிறேன்" என்றாள். இளைப்பு இல்லை, சத்தம் இல்லை, நெஞ்சில் விசில் இல்லை. பேசினால் வாக்கியம் பாதியில் நிற்கும், சிரித்தால் இருமலில் முடியும். அவ்வளவுதான்.

கம்பெனியில் தூசி இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான் உண்டு, லேபிள் ரூம். ஆஸ்துமா என்று சர்டிபிகேட் இருந்தால் அங்கே மாற்றுவார்கள். கம்பெனி டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு இடத்தில் வைத்தார். "ஆஸ்துமா இல்ல, தைரியமா போங்க" என்றார். தைரியமாகத் திரும்பி இறகுக்குள்தான் போனாள்.

அப்புறம்தான் வெளியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெண் டாக்டர், பொறுமைசாலி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார். கால் மணி நேரத்தில் இறகுச் சொட்டும் தூசிப்பூச்சிச் சொட்டும் கொசு கடித்தாற்போல் தடித்துக்கொண்டு வந்தன. மற்றவை சும்மா இருந்தன. பிறகு ஊதச் சொன்னார். உள்ளே இழுக்கும் மருந்தைக் கொடுத்து, காத்திருந்து, மறுபடி ஊதச் சொன்னார். ஆறு வருஷத்தில் என் மனைவி சொந்த மூச்சில் ஊதியது அன்றைக்குத்தான்.

"ஆஸ்துமா மாதிரி தெரியல" என்றார் டாக்டரம்மா. அவள் முகம் விழுந்துவிட்டது. நல்ல செய்தி கேட்டு முகம் விழுந்த நோயாளியை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். காகிதத்தைத் திருப்பி வைத்துச் சொன்னார்: "மூச்சுக்குழாய் மரம் மாதிரி கிளை பிரிஞ்சு போகுது. ஊதினதும் முதல் செகண்ட்ல வர்ற காத்து உங்களுக்கு நார்மல். பெரிய குழாய்லாம் நல்லா இருக்கு. அதுக்கப்புறம் வர்ற காத்துதான் மெதுவா வருது. அது நுனில இருக்கிற சின்னக் குழாய்ங்க சொல்ற சேதி. அதுங்க சத்தம் போடாம சுருங்கும். அலர்ஜி உள்ளவங்களுக்கு ஆஸ்துமா இல்லாமலே இப்படி இருக்கிறதுண்டு. மூக்கும் நெஞ்சும் ஒரே பாதைதானே?"

"அப்ப எழுதிக் குடுங்க டாக்டர், வேற ரூமுக்கு மாத்தணும்னு" என்றாள் இவள்.

"ஒரு தடவை ஊதினத வச்சு நான் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இந்த நம்பர் ஆளுக்கு ஆள் மாறும், நாளுக்கு நாள் மாறும். உங்க கம்பெனில வருஷா வருஷம் ஊதுறீங்கல்ல? அந்தப் பழைய சீட்டெல்லாம் கொண்டாங்க. படிப்படியா எறங்கியிருந்தா நானே எழுதித் தர்றேன். இப்ப இறகை விட்டுத் தள்ளி இருந்தா சரியாக வாய்ப்பு இருக்கு. இப்படியே இருந்தா எனக்குத் தெரியாது."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். "பழைய சீட்டாமே" என்றாள் அவள். "அது சங்கோட சீட்டுங்க. என் பேர்ல அவ மூச்சு இருக்கு. என் மூச்சு எங்கயுமே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள், இருமினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கை வீட்டுக்குக் கூப்பிட்டோம். அவள் இரண்டாவது மாடியில் நிற்காமல் தடதடவென்று ஏறி வந்தாள். சமையலறையில் நின்றுகொண்டே டீ குடித்தாள். என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். ஆபீசில் வந்து, இந்த ஆறு சீட்டும் நான் ஊதியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய சீட்டைத் தள்ளிவிட்டு, டாக்டரம்மாவிடம் ஊதிய சீட்டை எடுத்துக்கொள்வார்கள். லேபிள் ரூம் கிடைத்துவிடும். இவ்வளவுதான் கேட்டாள்.

"இதுக்குப் போயா இவ்ளோ தயங்குற? என் மூச்சுடி அது. நான் சொல்லாம வேற எவ சொல்லுவா?" என்றாள் சங்கு.

"உனக்கு ஒண்ணும் ஆகாதாக்கா?"

"திட்டுவாங்க. திட்டிட்டுப் போறாங்க. திட்டு வாங்காத உடம்பா இது?" என்று இவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு என் மனைவி விடியும்வரை தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆபீசில் கூடினோம். மேனேஜர், கம்பெனி டாக்டர், என் மனைவி, சங்கு. வீட்டுக்காரர் என்ற முறையில் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள்.

டாக்டரம்மா கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி டாக்டர் முதலில் பேசினார். "ஆறு மாசத்துக்கு முன்னாடி நம்ம மெஷின்ல இவங்க பிரமாதமா ஊதியிருக்காங்க. வருஷா வருஷம் பிரமாதம். ஆறு மாசத்துல இப்படி விழாது சார். வெளிய போய் வேணும்னே மெதுவா ஊதியிருக்காங்க."

இவள் எழுந்து நின்றாள். "அந்தச் சீட்டு என்னோடது இல்ல சார். எங்க மேசைல எட்டுப் பேருக்கும் ஒருத்திதான் ஊதினா. தப்புதான், எல்லாரும் சேர்ந்து செஞ்ச தப்பு. என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். நம்பலைன்னா எட்டுப் பேர் சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எட்டுப் பேருக்கு எப்படி சார் ஒரே நம்பர் வரும்?"

மேனேஜர் ஃபைலைத் திறந்தார். ஒரு காகிதத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், மூன்றாவதையும் பார்த்தார். ஃபைலை மூடினார். அவர் பார்த்துவிட்டார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பார்த்ததை ஒத்துக்கொண்டால் ஆறு வருஷம் கையெழுத்துப் போட்டது அவர் தலையில் விடியும். எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அவர் சங்கின் பக்கம் திரும்பினார். "நீதானே லீடர்? இவங்க சொல்றது நெஜமா?"

சங்கு தரையைப் பார்த்தாள். வாட்ச்மேனை எழுப்புகிற அந்தக் குரல் எங்கே போனதோ, பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இல்ல சார். அவங்கவங்க கார்டுக்கு அவங்கவங்கதான் ஊதினாங்க." நிறுத்தினாள். அதோடாவது விட்டிருக்கலாம். "இவ கொஞ்ச நாளாவே உக்காந்து செய்யிற வேலை கேட்டுக்கிட்டிருந்தா சார்."

அடப்பாவி! நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன். நாலு நாளைக்கு முன்னால் என் வீட்டு டீயைக் குடித்த வாய். கன்னத்தைக் கிள்ளிய கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இவள் எட்டுப் பூசணிக்காயை மறைத்தாள். என் மனைவி அவளைத் திட்டவில்லை. "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். சங்கு நிமிரவில்லை.

அப்போது மேனேஜர் என்னைப் பார்த்தார். "டிரைவர், நீங்கதானே தினமும் இவங்கள கூட்டிட்டு வர்றீங்க? இந்தப் பேச்சு உங்க காதுல எப்பவாவது விழுந்திருக்கா?"

இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை, பயம் இல்லை. அப்பாடா என்ற நிம்மதி இருந்தது. இவர் இருக்கிறாரே, இனிமேல் என்ன என்கிற முகம். நான் மேனேஜரைப் பார்த்தேன். மேசையில் அவர் கைக்குப் பக்கத்தில் வேன் சாவி கிடந்தது. உள்ளே வந்ததும் அங்கேதான் வைக்கச் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் இரண்டு பேரும் வெளியே போனால் மகள் படிப்பு என்ன ஆகும் என்று நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. பயந்தேன். வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

சங்கை இவ்வளவு நேரம் வாய் கிழியத் திட்டினேனே, அவளாவது தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் மேனேஜரின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

கம்பெனி டாக்டர் 'பரிசோதனையில் சரியாக ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி ஃபைலில் சேர்த்தார். மேனேஜர் பெருந்தன்மையாக, "இந்தத் தடவை நடவடிக்கை எடுக்கல, போய் வேலையப் பாருங்க" என்றார். அவள் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு மேசையில் நின்றாள். அன்று சாயங்காலம் வேனில் அவள் ஏறவில்லை. கேட்டைத் தாண்டி நடந்து போய் டவுன் பஸ் ஏறினாள். மறுநாளும் அப்படியே. வேனில் எவளும் எண்ணவில்லை, எவளும் சிரிக்கவில்லை. சங்கு முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளை இறக்கிவிட வேண்டும்போல் எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இறக்கிவிடுவது?

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பட்டன் தைத்தாள், ஹாஸ்டலில் இருக்கும் மகளோடு போனில் பேசினாள். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோதெல்லாம், "விடுங்க, பால் பொங்குது" என்று எழுந்து போய்விடுவாள். சில நாள் பொங்குவதற்குப் பாலே இருக்காது. ஒரு நாள் மட்டும் கேட்டாள். "சங்குக்கு எட்டுப் பேர் வேலை போயிடுமேன்னு ஒரு காரணமாவது இருந்துச்சு. உங்களுக்கு என்னங்க இருந்துச்சு?" நான் வாயைத் திறப்பதற்குள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. பையை என்னிடம் கொடுத்தாள், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆபீசில் நடந்ததை அவளே சுருக்கமாகச் சொன்னாள். பழைய சீட்டு உபயோகப்படாது என்று மட்டும் சொன்னாள், யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். "அப்ப நீங்க இங்க மொதல்ல ஊதினதுலேர்ந்துதான் கணக்கு ஆரம்பிக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஊதுங்க. எறங்கிக்கிட்டே போச்சுன்னா அப்ப எழுதித் தர்றேன்" என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. மூச்சு கெட்டதென்று நிரூபிக்க, அந்த இறகிலேயே நின்று அது இன்னும் கெட்டுப்போக வேண்டும். என் மனைவி தலையாட்டினாள்.

"படி ஏறும்போது மூச்சு வாங்குறது எப்ப ஆரம்பிச்சது? மாசமாவது சொல்லுங்க. எழுதி வச்சா பின்னாடி உதவும்."

"சரியா ஞாபகமில்ல டாக்டர்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க கூடவே இருக்கிறவர்தானே. நீங்க சொல்லுங்க, எப்ப இருந்து?"

எனக்கு மாசம் தெரியும். கிழமை தெரியும். எந்தப் படியில் நின்றாள், கைப்பிடியில் எந்தக் கையை வைத்தாள், எல்லாம் தெரியும். சொல்வதற்கு நாற்காலியில் முன்னால் நகர்ந்தேன்.

"அவரைக் கேக்காதீங்க டாக்டர்" என்றாள் என் மனைவி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவருக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆம்பளைகள் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருப்பார். என் மனைவி மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் வைத்து, முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்தாள். நான் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.